நள்ளிரவுக்குப் பின் வரும் வண்டி
ரெயில் கால அட்டவணையும் ஏறும் விதிகளும்

கடிகாரம் இல்லாத வீடு இன்று நமது கிராமங்களில் இல்லை என்றே கூறலாம். கையிலுள்ள கைப்பேசியும் நேரம் காட்டுகிறது. ஆயினும் ரெயில் வண்டியின் நேரத்தைப் பிழையின்றிப் படித்தறிவது தனியொரு பயிற்சியாகவே இருந்து வருகிறது. பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வார். ரெயில் அவ்வாறன்று. முன்பதிவு செய்த வண்டி போய்விட்டால் செலுத்திய கட்டணம் போயிற்று. சென்னை ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளும் போயிற்று. மறுபடியும் இடம் கிடைப்பதற்கு எத்தனை நாளாகும் என்பதும் தெரியாது. இவ்வாறு இழப்பவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து தாமதமாகப் புறப்பட்டவர்கள் அல்லர். வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்து, ஆனால் ஒரு நாள் தவறி வந்தவர்களும் அவர்களில் உண்டு. இத்தவறு எவ்வாறு நேருகிறது என்பதையும், அதைத் தடுக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் என்ன செய்யக்கூடும் என்பதையும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் கிராமத்தின் நாள் சூரியோதயத்தில் பிறப்பது. பஞ்சாங்கமும் அவ்வாறே கணக்கிடுகிறது. வியாழக்கிழமை இரவு என்றால், வெள்ளிக்கிழமை கோழி கூவும் வரையில் வியாழக்கிழமை இரவுதான். ரெயில்வேயின் நாளோ நள்ளிரவில் பிறக்கிறது. 23.59 மணிக்குப் பிறகு 0.00, அந்தக் கணத்திலேயே தேதியும் கிழமையும் மாறிவிடுகின்றன. முற்பகல், பிற்பகல் என்ற குறிப்பு ரெயில் அட்டவணையில் கிடையாது. பிற்பகல் 1 மணி 13.00 என்றும், இரவு 9.40 மணி 21.40 என்றும் அச்சிடப்படும். 12-க்கு மேற்பட்ட எண்ணிலிருந்து 12-ஐக் கழித்தால் நமக்குப் பழக்கமான மணி வந்துவிடும். இது எளிது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். இடர் இருப்பது 0 என்ற எண்ணில்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். ஒரு விவசாயி தம் மனைவியின் சிகிச்சைக்காகச் சென்னை செல்லப் படுக்கை வசதியுள்ள டிக்கெட்டு வாங்கியிருக்கிறார். டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 0.20 மணி என்று இருக்கிறது. அவர் 15-ஆம் தேதி பகல் முழுவதும் வயல் வேலைகளைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, 11 மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கிறார். 12.20 மணிக்கு வண்டியும் வருகிறது. அதே பெயர், அதே எண். தமக்குரிய பெட்டியில் ஏறிப் பார்த்தால், தமது படுக்கையில் வேறொருவர் உறங்கிக் கொண்டிருக்கிறார். டிக்கெட்டுப் பரிசோதகர் வந்து டிக்கெட்டைப் பார்த்ததும் உண்மை வெளிப்படுகிறது. அவருடைய வண்டி நேற்றைக்கே போய்விட்டது. இப்போது வந்திருப்பது 16-ஆம் தேதி வண்டி. சட்டத்தின் பார்வையில் அவர் உரிய டிக்கெட்டு இல்லாத பிரயாணி. 1989-ஆம் ஆண்டின் ரெயில்வேச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, அவர் அத்தூரத்துக்குரிய கட்டணத்துடன், அக்கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் சேர்த்துச் செலுத்த வேண்டியவராகிறார். நோயாளியான மனைவிக்கும் தனியே அவ்வாறே. அன்றிரவு படுக்கவும் இடம் இல்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. டிக்கெட்டிலுள்ள மணி 0 என்ற எண்ணில் தொடங்கினால், அதிலுள்ள தேதிக்கு முந்திய நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட வேண்டும். 1, 2, 3 மணி வண்டிகளுக்கும் இதுவே பொருந்தும். டிக்கெட்டு வாங்கும்போதே, “எந்த நாள் இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்?” என்று கவுண்டரில் கேட்டு, அக்கிழமையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதே சிக்கல் வேறு இரண்டு இடங்களிலும் தலைகாட்டுகிறது. வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் வண்டிகள் பல உள்ளன. “செவ்வாய்க்கிழமைகளில்” என்று அட்டவணையில் இருந்தால், அது வண்டி முதன்முதல் புறப்படும் ஊரில் செவ்வாய்க்கிழமை என்பதாகும். நம் ஊருக்கு அவ்வண்டி நள்ளிரவு கடந்து வந்தால், இங்கே அது புதன்கிழமை வண்டி. மற்றொன்று, தத்கால் என்னும் அவசர முன்பதிவு. இது பிரயாணத்துக்கு முந்திய நாள் காலை, குளிர்சாதன வகுப்புகளுக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. இங்கே முந்திய நாள் என்பதும் வண்டி புறப்படும் ஊரின் தேதியைக் கொண்டே கணக்கிடப்படும். வண்டி 14-ஆம் தேதி இரவு தன் முதல் ஸ்டேஷனைவிட்டுப் புறப்பட்டு, நம் ஊருக்கு 15-ஆம் தேதி 0.20 மணிக்கு வருமாயின், தத்கால் தொடங்குவது 13-ஆம் தேதி காலையில். 14-ஆம் தேதி காலையில் அன்று. இதை அறியாதவர் ஒரு நாள் கழித்துக் கவுண்டருக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்புவார். சாதாரண முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. 2024 நவம்பர் முதல் தேதி வரையில் 120 நாட்களாக இருந்ததைப் பாதியாகக் குறைத்துள்ளனர். பழைய கணக்கை நம்பியிருப்போர் இதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஒரே நேரத்தை நாடெங்கும் வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடே ரெயில்வேயின் தேவையால் வலுப்பெற்றதுதான். தென்னிந்தியாவின் முதல் பிரயாணி வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடிற்று. அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியனே கடிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்தின் நேரமே இந்திய ரெயில்வேக்களின் பொது நேரமாக விளங்கியது. 1906-இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னைக் கடிகாரங்களை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அன்று பலருக்கு அது குழப்பமாகவே இருந்திருக்கும்!

எண்ணும் வழியும்

வண்டியின் பெயரைவிட எண்ணே முக்கியமானது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் எல்லா வண்டிகளுக்கும் ஐந்து இலக்க எண் வழங்கப்பட்டிருக்கிறது. போகும் வண்டிக்கும் திரும்பும் வண்டிக்கும் பெயர் ஒன்றே, எண்தான் வேறு. சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் பாண்டியன் வண்டி 12637. மதுரையிலிருந்து சென்னைக்கு வருவது 12638. பெயரை மட்டும் சொல்லி டிக்கெட்டு எடுத்தவர், தேதியும் திசையும் சரியாக உள்ளனவா என்று கவுண்டரை விட்டு அகலும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

12, 20, 22 என்ற எண்களில் தொடங்குவன அதிவேக வண்டிகள். இது வெறும் விவரமன்று. பணத்தைப் பற்றிய செய்தி. முன்பதிவில்லாப் பெட்டியில் செல்வோரிலும், சாதாரண வண்டிக்குரிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு விரைவு வண்டியில் ஏறக்கூடாது. விரைவு வண்டி டிக்கெட்டை வைத்துக்கொண்டு, அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாமல் அதிவேக வண்டியில் ஏறக்கூடாது. இரண்டாம் வகுப்புக்கு அக்கூடுதல் கட்டணம் 15 ரூபாய்தான். அந்த 15 ரூபாயைச் செலுத்தாதவர் பரிசோதனையின்போது செலுத்த நேருவது அதைப்போல் பல மடங்காகும். “நான் டிக்கெட்டு வாங்கியிருக்கிறேனே!” என்று வாதிடுவதில் பயனில்லை. எந்த வண்டிக்கு வாங்கினோம் என்பதே கேள்வி.

அடுத்தபடி, வண்டி எவ்வழியாகச் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இருப்புப்பாதை இரண்டு. ஒன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகச் செல்லும் குறுக்குப் பாதை. மற்றது கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் பழைய பிரதானப் பாதை. “திருச்சி வண்டி” என்று கேட்டு ஏறிய கும்பகோணத்துக்காரர், அது மலைக்கோட்டை வண்டியாயின் அரியலூர் வழியாகத் திருச்சிக்கே போய்விடுவார். சோழன், உழவன் போன்ற வண்டிகளே அவருக்கு உரியவை. சென்னையில் இறங்குமிடமும் இவ்வாறே. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாப் பகுதியிலிருந்தும் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை எழும்பூரைச் சேர்வன. கோவை, ஈரோடு, சேலம் வழியாகச் செல்வனவற்றில் பெரும்பாலானவை சென்ட்ரலைச் சேர்வன. சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். டிக்கெட்டில் எம்.எஸ். என்ற குறி எழும்பூரையும், எம்.ஏ.எஸ். என்ற குறி சென்ட்ரலையும் குறிக்கும். ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் திரும்பி வரும்போது தவறான ஸ்டேஷனில் போய் நின்றவர், சென்னை நெரிசலில் மற்றொன்றுக்குச் சென்று சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடக்கூடும்.

டிக்கெட்டும் ஏறும் உரிமையும்

முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காலையில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் பிரயாணம் செய்யலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 2016 மார்ச் முதல் அவ்வாறு செய்ய இயலாது. 199 கிலோமீட்டர் வரையிலான பிரயாணத்தை, டிக்கெட்டு வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது வாங்கிய பின் அவ்வூருக்குச் செல்லும் முதல் வண்டி புறப்படும் வரையில், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் தொடங்கிவிட வேண்டும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான தூரத்துக்கு மூன்று நாட்கள் முன்னதாகவே டிக்கெட்டு வாங்கலாம். ஆனால் எந்தத் தேதிக்கு வாங்கினோமோ அந்தத் தேதியில்தான் செல்லவேண்டும்.

முன்பதிவு டிக்கெட்டு மூன்று நிலைகளில் இருக்கக்கூடும். இடம் உறுதியானது முதலாவது. ஆர்.ஏ.சி. என்பது இரண்டாவது, இதை உடையவர் வண்டியில் ஏறலாம், உட்கார இடம் உண்டு, வராதவரின் படுக்கை காலியானால் இவருக்குக் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியல் மூன்றாவது. பெருந்தொல்லை இதில்தான். வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே இறுதிப் பட்டியல் தயாராகிவிடும். அப்போதும் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கும் டிக்கெட்டு இணையத்தில் வாங்கியதாயின், தானாகவே ரத்தாகிப் பணம் வாங்கியவரின் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியிலும் ஏறக்கூடாது. கவுண்டரில் வாங்கியதாயின், முன்பதிவில்லாப் பெட்டியில் செல்லலாமேயன்றிப் படுக்கை வசதிப் பெட்டியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ கால் வைக்கக்கூடாது. டவுனிலுள்ள கணினி நிலையத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த தாளை உறுதியான டிக்கெட்டு என்று நம்பிக் கிழவரும் குழந்தைகளுமாக ஏறிவிடுகிற குடும்பங்களுக்கு இவ்விதி மிகவும் கடுமையாகவே தோன்றும். விதி கடுமையானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உரிய படுக்கையில் உறங்க வேண்டிய நோயாளியின் கட்டிலில் நால்வர் நெருக்கி அமர்ந்து வருவதும் கொடுமையே. டிக்கெட்டில் பி.என்.ஆர். என்ற பத்து இலக்க எண் இருக்கும். புறப்படுமுன் 139 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, அப்பத்து இலக்கங்களைக் கொடுத்தால் நிலையை அறியலாம். வண்டி தாமதமா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.

ஏறுமிடம் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. வண்டி தொடங்கும் ஊரில் இடங்கள் கூடுதலாக இருப்பதால், நடுவிலுள்ள ஊர்க்காரர்கள் தொடக்க ஸ்டேஷனிலிருந்து டிக்கெட்டு வாங்குவதுண்டு. தஞ்சாவூரிலிருந்து வாங்கிவிட்டுக் கும்பகோணத்தில் ஏற எண்ணுகிறவர், ஏறுமிடம் கும்பகோணம் என்று முன்கூட்டியே கவுண்டரிலோ இணையத்திலோ பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால், தஞ்சாவூரில் அவர் ஏறவில்லை என்று கண்ட பரிசோதகர் அந்தப் படுக்கையை ஆர்.ஏ.சி.யில் உள்ளவருக்குக் கொடுத்துவிடக்கூடும். அவ்வாறு பதிந்தபின், மனம் மாறித் தஞ்சாவூரிலேயே ஏறவும் உரிமையில்லை.

நடுத்தர ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது ஒன்றிரண்டு நிமிடமே. அந்த நேரத்தில் பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூட்டைகளுடன் ஓட இயலாது. முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் முன்புறமும் பின்புறமும் இருக்கும். தமது பெட்டி எங்கே நிற்கும் என்பதை முன்னதாகவே விசாரித்து அவ்விடத்தில் நிற்பதே முறை. தவறான பெட்டியாயினும் ஏறிக்கொண்டு உள்ளே நடந்து சென்றுவிடலாம். ஓடத் தொடங்கிய வண்டியைத் தாவிப் பிடிக்க மட்டும் ஒருபோதும் முயலக்கூடாது.

மூட்டைகளுக்கும் அளவு உண்டு. இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், படுக்கை வகுப்பில் 40 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்ட அரிசி மூட்டை, தேங்காய் மூட்டைகளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அனுப்பலாம். பம்பு எந்திரத்துக்கென்று டீசலோ பெட்ரோலோ, சமையல் வாயு உருளையோ, பட்டாசோ கொண்டு செல்வது 164-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது யாத்திரிகர்கள் மாண்டனர். விதிக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் வாயு உருளையே அதற்குக் காரணமாயிற்று.

பிரயாணிகளுக்கு விதிகள் கட்டுப்பாடு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். ஆண் துணையின்றித் தனியே செல்லும் ஒரு பெண்ணிடமோ குழந்தையிடமோ டிக்கெட்டு இல்லையென்றாலும், இரவில் ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனில் இறக்கிவிட அதிகாரம் கிடையாது. அவர்கள் ஏறிய ஸ்டேஷன், சந்திப்பு, இறுதி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் ஆகியவற்றில் மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்று 139-ஆம் பிரிவு கூறுகிறது. இதை மாதர் சங்கங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும். மேலும், ஏறுமிடத்தில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பிரயாணி போகாமல் நின்றுவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பப் பெறலாம். அந்த வண்டி உண்மையில் புறப்படும் முன்பே அதைக் கோரிவிட வேண்டும்.

கட்டணச் சலுகையில், முதியோருக்குரியது 2020 மார்ச்சில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை எண்ணிப் பணம் எடுத்துச் செல்லலாகாது. நோயாளிகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் உள்ள சில சலுகைகள் தொடர்ந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்பவர், ஆஸ்பத்திரி தரும் உரிய சான்றிதழைக் கவுண்டரில் காட்டினால் படுக்கை வகுப்பில் கட்டணமில்லை. உடன் செல்லும் ஒருவருக்கு முக்கால் பங்கு குறைவு. இது தெரியாமல் கடன் வாங்கி முழுக் கட்டணம் செலுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தந்த ஊர் அங்கத்தினர்களே விசாரித்தறியலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அங்கே நிற்கும் பிரயாணி வண்டிகள் வரும் நேரமும் போகும் நேரமும் கொண்ட அட்டவணையை, யாவரும் காணத்தக்க இடத்தில், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு அவ்வட்டார மொழியிலும் வைக்கவேண்டும் என்பது ரெயில்வேச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. நடைமுறையிலுள்ள கால அட்டவணையின் பிரதியொன்று ஸ்டேஷன் மாஸ்டரின் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். தமிழ்ப் பலகை அழிந்து போயிருந்தாலோ பழைய நேரங்களே எழுதப்பட்டிருந்தாலோ, அதைச் சுட்டிக்காட்டுவது யாசகமன்று; சட்டப்படி கேட்பதே.

ஸ்டேஷனில் உள்ள பலகை ஸ்டேஷனுக்குச் சென்றவருக்கே பயன்படும். எனவே பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகையைத் தனியே ஒதுக்கி, அருகிலுள்ள ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகளை எழுதி வைப்பது நலம். ரெயில்வே அட்டவணையை அப்படியே பார்த்து எழுதுவதில் பெரும் பயனில்லை. எண், பெயர், வழி, ஓடும் கிழமைகள் ஆகியவற்றுடன், “எந்தக் கிழமை இரவு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்” என்ற ஒரு பத்தியையும், ஸ்டேஷனுக்குச் செல்லும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற ஒரு பத்தியையும் சேர்க்க வேண்டும். 0.20 மணி வண்டிக்குப் போகிறவருக்கு இரவு 9 மணி பஸ்ஸே கடைசியானால், அதுவே அவருடைய உண்மையான கால அட்டவணை. எழுதும் பணியை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்கும் அது நல்ல பூகோளப் பாடம்.

முன்னர் ஜூலையில் மாறிவந்த ரெயில்வே அட்டவணை, 2025-இல் ஜனவரி முதல் தேதியன்று மாறியது. அவ்வாறு மாறும் ஆண்டுகளில் ஜனவரி 26-ஆம் தேதி நடைபெறும் கிராம சபையில் புதிய நேரங்களை உரக்கப் படித்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் அது எட்டும். இடையில் பாதை வேலைகளுக்காக நேரமும் புறப்படும் ஸ்டேஷனும் சில வாரங்கள் மாறுவதுண்டாதலால், புறப்படும் நாளில் 139-இல் ஒருமுறை கேட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் பலகையின் அடியில் எழுதி வைக்கலாம்.

தம் ஊரில் ஒரு வண்டி நிற்க வேண்டும், அல்லது காலை வண்டி பள்ளி, கல்லூரி நேரத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று விரும்பும் பஞ்சாயத்துகள், தீர்மானத்தைத் தத்தம் கோட்ட ரெயில்வே மேலாளருக்கு அனுப்ப வேண்டும். 1951-இல் அமைந்த தென்னக ரெயில்வேயில், தஞ்சைப் பகுதிக்குத் திருச்சிக் கோட்டமும், திருநெல்வேலி, செங்கோட்டைப் பகுதிக்கு மதுரைக் கோட்டமும், கோவை, ஈரோட்டுக்குச் சேலம் கோட்டமும், நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம் கோட்டமும் உரியன. “மக்கள் பெரிதும் துன்புறுகின்றனர்” என்ற பொதுவான வாக்கியத்தைவிட, எந்த எண்ணுள்ள வண்டி, எந்தக் கிழமை, அதில் எங்கே செல்ல எத்தனை பேர், இப்போது அவர்கள் எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை கிலோமீட்டர் சென்று ஏறுகின்றனர் என்ற கணக்கையே மனுவில் எழுத வேண்டும். சுற்றுப்புறத்து நான்கைந்து பஞ்சாயத்துகள் ஒரே கணக்கைச் சேர்ந்து எடுத்து, ஒரே மனுவாகச் சட்டமன்ற உறுப்பினர், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோருக்கும் பிரதி அனுப்புவது உசிதம்.